வழியில் இருப்பவர்களுக்கும் சாலை

மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ஊட்டிச் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கல்லாறு, பர்லியாறு, குன்னூர் வழியாக ஊட்டிக்குப் போகிறது. வலப்பக்கம் திரும்புவது கோத்தகிரிக்கு. வெளியூர் வண்டிகளில் பெரும்பாலானவை யோசிக்காமல் குன்னூர் வழியைப் பிடித்துவிடும். வலப்பக்கம் திரும்புகிறவை பெரும்பாலும் அந்தப் பாதையிலேயே வாழ்கிறவர்களின் வண்டிகள்: கோத்தகிரி போகும் அரசுப் பேருந்து, காய்கறி ஏற்றப் போகும் காலி லாரி, கோவை ஆஸ்பத்திரியில் நோயாளியைச் சேர்த்துவிட்டுத் திரும்பும் ஜீப்.

என் சொந்த ஊர் சிறுமுகை. அப்பா மலைக்கு லாரி ஓட்டினார். கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கேரட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிவிட வேண்டும். மழைக்காலத்தில் அவர் திரும்பி வரும்வரை அம்மா தூங்கமாட்டார். அந்த மலைப்பாதையின் வளைவுகளை எல்லாம் நான் முதலில் அறிந்தது அப்பாவின் வாய்மொழியாகத்தான். 'முள்ளூர்ல மண்ணு வந்திருச்சு', 'மாமரத்துல யானை நிக்குது' என்கிற மாதிரித்தான் வீட்டில் பேச்சு நடக்கும். எனவே இந்தச் சாலையைப் பற்றி விலகி நின்று எழுத எனக்கு வராது.

தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறையின் கணக்கில் இது மாநில நெடுஞ்சாலை எண் 15. ஈரோட்டில் தொடங்கி கோபிசெட்டிபாளையம், சத்தியமங்கலம், சிறுமுகை, மேட்டுப்பாளையம், கோத்தகிரி என்று போய் ஊட்டியில் முடிகிறது. நீளம் ஏறக்குறைய 160 கிலோமீட்டர். மஞ்சளும் கரும்பும் நெல்லும் விளையும் பவானிக்கரைச் சமவெளியில் புறப்பட்டு, சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டருக்குள் 1,793 மீட்டர் உயரக் கோத்தகிரிக்கு ஏறிவிடுகிற சாலை. இன்றைய வரைபடத்தில் இது ஒரே கோடு. ஆனால் சமவெளியிலிருந்து கிழக்கு நீலகிரிக்கு ஏறும் வழி கடந்த இருநூறு ஆண்டுகளில் இரண்டு முறை இடம் மாறியிருக்கிறது. மாற்றியவர்கள் ஒவ்வொரு முறையும் மேலே போகிறவர்களை நினைத்து மாற்றினார்கள். வழியில் இருந்தவர்களைக் கேட்கவில்லை. இன்று இந்தச் சாலை மறுபடியும் அகலப்படுத்தப்படும் நேரத்தில், அந்தப் பழைய தவறைத் திரும்பச் செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வழி இப்போது தண்ணீருக்குள் கிடக்கிறது.

பவானியும் மோயாறும் கூடுமிடத்தில் டணாய்க்கன்கோட்டை என்று ஒரு ஊர் இருந்தது. போசள அரசின் தண்டநாயகர்கள் இங்கே கோட்டை கட்டி ஆண்டார்கள். தண்டநாயகன் என்ற பதவிப் பெயர்தான் மக்கள் நாவில் டணாய்க்கன் ஆனது. அவர்களில் மாதவ தண்டநாயகன் நீலகிரியை அடக்கியவன் என்ற பட்டத்தைச் சூடிக்கொண்டவன். அதற்கும் முன்பே, 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டில், விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தோதவர்களை அச்சுறுத்தி நீல மலையைக் கைப்பற்றியதாகப் பெருமை பேசப்படுகிறது. ஆக, சமவெளி அரசுகளுக்கு மலையின் வாசல் இந்தக் கோட்டைதான். மலையிலிருந்து இறங்கி வந்து வரி கட்டியவர்களும் சந்தைக்கு வந்தவர்களும் இந்தப் பக்கமாகத்தான் வந்து போனார்கள்.

திப்பு 1799இல் வீழ்ந்தபின் கோவைப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே பிரான்சிஸ் புக்கானன் டணாய்க்கன்கோட்டைக்கு வந்து, மலைச்சரிவில் அரக்கோடு வரை ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். 1812இல் கீஸ், மக்மகன் என்ற இரு நில அளவையாளர்கள் இதே வழியாக ஏறி, தேனாடு பக்கமாக மலையின் உள்பகுதிக்குப் போனார்கள். 1818இல் கோவை ஆட்சியரின் உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி ஆகியோரும் இங்கிருந்துதான் ஏறினார்கள். பாடப்புத்தகங்கள் இவர்களை நீலகிரியைக் 'கண்டுபிடித்தவர்கள்' வரிசையில் வைக்கின்றன. அந்த வழியைத் தலைமுறை தலைமுறையாகக் காலால் போட்டு வைத்திருந்தவர்கள் இருளர்களும் குறும்பர்களும் படகர்களும். காரமடை அரங்கநாதரைக் கும்பிடப் படகர்கள் மலையிறங்கி வரும் வழக்கம், வெள்ளைக்காரர் போட்ட எந்தச் சாலைக்கும் மூத்தது. வழி தெரிந்தவர்கள் முன்னே நடந்தார்கள், பின்னால் போனவர்களின் பெயர் வரலாற்றில் நின்றது. இந்த அநியாயத்தை நம் பள்ளிப் புத்தகங்களாவது திருத்த வேண்டும்.

இந்தியா விடுதலை பெற்றதும், 1948இல், கீழ்பவானித் திட்டம் தொடங்கியது. பவானியும் மோயாறும் சேர்ந்தபின் வரும் தண்ணீரை மறிக்கும் பவானிசாகர் அணை 1955இல் முடிந்தது. இன்று அதை நம்பி 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் நடக்கிறது. கொங்கு நாட்டின் சோற்றுக்கும் மஞ்சளுக்கும் இந்த அணை செய்திருக்கும் உபகாரத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது, நானும் பேசவில்லை. ஆனால் அதற்கு விலை கொடுத்த ஊர்களில் முதலாவது டணாய்க்கன்கோட்டை. கோட்டை, கோயில், வீடுகள், வயல், கூடவே மலைக்கு ஏறும் மிகப் பழைய வழியின் தொடக்கம் எல்லாம் நீர்ப்பரப்புக்குள் போயின. சாமிகளை மேட்டுக்குக் கொண்டுவந்து புதிதாகக் கோயில் கட்டினார்கள். மாதவப்பெருமாள் கோயிலின் கல் கட்டடம் மட்டும் உள்ளேயே நின்றுவிட்டது.

மழை பொய்த்து நீர்மட்டம் வெகுவாக இறங்கும் கோடைகளில் அந்தக் கோயில் தலைகாட்டும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு கோடையில் பரிசலில் போய்ப் பார்த்தேன். வெடித்த வண்டல், அதில் பதிந்து காய்ந்த யானைக் காலடிகள், அதற்கு நடுவே பாசி காய்ந்து வெளுத்த தூண்கள். எங்களோடு பரிசலில் வந்த முதியவர் ஒருவர் சிறுவனாக அந்த ஊரில் இருந்தவர். மண்டபத்தில் சிறிது நேரம் உட்கார்ந்தார். பிறகு வடமேற்கே மலையைப் பார்த்துக் கைகாட்டினார். "இப்பிடியே நேராப் போனா மலைக்கு வழிங்க. எங்கப்பாரு மாட்டுக்குப் பொதி ஏத்திக்கிட்டு இந்த வழியாத்தான் போவாரு. இன்னைக்கு அங்க போவோணும்னா மேட்டுப்பாளையம் சுத்தி வரச் சொல்றாங்க." அவர் கோபத்தோடு சொல்லவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், அவர் மனத்தில் வழி அப்படியேதான் இருந்தது.

அவர் சொன்னதன் பொருளை இன்றும் நாள்தோறும் அனுபவிப்பவர்கள் தெங்குமரஹாடா மக்கள். மோயாற்றுக்கு அக்கரையில் இருக்கிற அந்த ஊர் நீலகிரி மாவட்டம், கோத்தகிரி வட்டத்தைச் சேர்ந்தது. கோடநாடு காட்சிமுனையில் நின்றால் காலடியில் தெரியும். ஆனால் அங்கிருந்து ஒருவர் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டுமென்றால், பரிசலில் மோயாற்றைக் கடந்து, புலிகள் காப்பகத்துக்குள் ஓடும் காட்டுப்பாதையில் பவானிசாகர் வந்து, மேட்டுப்பாளையம் போய், அங்கிருந்து கோத்தகிரிக்கு ஏற வேண்டும். ஏறக்குறைய 100 கிலோமீட்டர். ஆற்றில் வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. ஊரையே வெளியே குடியமர்த்தும் விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. காட்டுக்கும் புலிக்கும் அது தேவையாக இருக்கலாம். ஆனால் அரசு எந்த முடிவை எடுத்தாலும், பாலமும் கொடுக்காமல் மாற்றிடமும் கொடுக்காமல் ஒரு ஊரை ஆற்றங்கரையிலேயே காக்க வைக்கக் கூடாது.

இரண்டாவது வழி சிறுமுகையில் தொடங்கியது. கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார். கோத்தகிரியை ஒட்டிய திம்பட்டிப் பகுதியின் குளிரும் பசுமையும் அவரைப் பிடித்துக்கொண்டன. மலையில் அவர் கட்டிய முதல் வீடு கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் இன்றும் இருக்கிறது. இடிந்து கிடந்ததைப் பழுதுபார்த்து நினைவகமாக வைத்திருக்கிறார்கள். தான் மட்டும் ஏறினால் போதாது, நோய்ப்பட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களும் அதிகாரிகளும் ஏற வேண்டும் என்று சல்லிவன் கம்பெனி அரசிடம் வாதாடினார். அதன்படி 1821இல் லெப்டினன்ட் மெக்பர்சன் பொறுப்பில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குக் குதிரைத்தடம் போடும் வேலை ஆரம்பித்தது. 1823இல் முடிந்தது. நீலகிரிக்கு அரசு செலவில் போடப்பட்ட முதல் பாதை இதுதான். இன்றைக்கு ஊட்டி என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது குன்னூர் வழியும் மலை ரயிலும். ஆனால் ஊட்டிக்கு முதல் வாசல் கோத்தகிரி. அதற்குக் கீழே, எங்கள் ஊரான சிறுமுகை.

அந்தத் தடம் செங்குத்தானது. மலையடியில் காய்ச்சல் அடித்துக் கொல்லும். பாரம் ஏற்றிய வண்டி போக வழியில்லை. ஆளுநராக இருந்த லஷிங்டன் ஊட்டியைப் பெரிய சுகவாசத் தலமாக்க விரும்பினார். 1830இல் தொடங்கி 1832க்குள் லெஹார்டி என்ற அதிகாரி குன்னூர் மலைப்பாதையைப் போட்டு முடித்தார். அவ்வளவுதான், பத்தே ஆண்டில் சிறுமுகைத் தடம் பின்னுக்குப் போய்விட்டது. மேட்டுப்பாளையம் வளர்ந்தது. 1871இல் குன்னூருக்கு இன்னும் சரிவு குறைந்த புதுப் பாதை வந்தது. அதைப் போட்ட கர்னல் லா பெயரில்தான் குன்னூருக்குக் கீழே இருக்கிற அருவி அழைக்கப்படுகிறது. 1873இல் மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்தது. 1899இல் குன்னூருக்கும் 1908இல் ஊட்டிக்கும் மலை ரயில் ஏறியது. சிறுமுகை வழியில் போகிறவர்களுக்குச் சோறு போட்டும் மாடு மாற்றியும் பிழைத்த குடும்பங்கள் என்ன ஆயின என்று எந்த ஆவணமும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

மூன்றாவது வழிதான் நாம் இப்போது பயன்படுத்துவது. கோத்தகிரியைச் சுற்றிக் காப்பியும் பிறகு தேயிலையும் பயிராகத் தொடங்கியதும், தோட்டக்காரர்களுக்கு வண்டிப்பாதை தேவைப்பட்டது. 1870களில் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குப் புதிய மலைப்பாதை வெட்டப்பட்டது. குஞ்சப்பனை, மாமரம், முள்ளூர், அரவேணு என்று வளைந்து வளைந்து ஏறும் இன்றைய சாலை அதன் தடத்தில்தான் இருக்கிறது. கோத்தகிரிக்கு மேலே கட்டபெட்டு வழியாக தொட்டபெட்டா சந்திப்பைத் தொட்டு ஊட்டியில் இறங்குகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குக் குன்னூர் வழியைவிடச் சில கிலோமீட்டர் கூடுதல். அந்தச் சில கிலோமீட்டர் இத்தனை காலமும் இந்தச் சாலையைக் காப்பாற்றி வைத்திருந்தது என்பேன். பெரிய விடுதிகளும் விளம்பரப் பலகைகளும் குன்னூர் வழியைத் தேடிப் போயின. இந்த வழியில் பலா மரங்களும் தேயிலைச் சரிவுகளும் இருளர் குடியிருப்புகளும் தங்கின.

ஜூன், ஜூலையில் குஞ்சப்பனைப் பக்கம் போகிறவர்கள் சாலையோரம் பலாப்பழ வாசனையை முகர்ந்திருப்பார்கள். அந்த வாசனை யானைகளுக்கும் தெரியும். பலா பழுக்கும் மாதங்களில் சமவெளிக் காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக ஏறி, குஞ்சப்பனை, மாமரம், முள்ளூர்ச் சரிவுகளில் வந்து நிற்கும். போன பலாப் பருவத்தில் சாலையோரக் கடையில் பழம் அறுத்துக்கொண்டிருந்த இருளர் பெண் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். சுளைகளை எண்ணெய் தடவிய கையால் பிரித்து இலையில் அடுக்கியபடியே சொன்னார்: "நாலு மணிக்கு மேல நாங்க இங்க நிக்கமாட்டோம்ணா. அப்புறம் அவங்க வர்ற நேரம். நாங்க எடுத்தது போக மிச்சம் அவங்களுக்கு." யானைகளைத்தான் அவங்க என்றார். சற்று நேரத்தில் கீழே ஒரு வளைவில் கார்கள் வரிசையாக நின்றன. தோட்டத்துக்குள் ஒரு தாயும் குட்டியும். கார்களிலிருந்து இறங்கியவர்கள் செல்போனை நீட்டிக்கொண்டு சரிவை நோக்கிப் போனார்கள். அரசுப் பேருந்து ஓட்டுநர் விளக்கை அணைத்து, இன்ஜினை நிறுத்தி, ஜன்னல் வழியே கையை அசைத்துப் "பேசாம இருங்க, அது போயிரும்" என்றார். அதே போல யானை போனது. அந்தப் பெண்ணுக்கும் அந்த ஓட்டுநருக்கும் தெரிந்தது, சாலை போடுகிறவர்களின் திட்ட அறிக்கையில் ஒரு பத்தியாகவாவது இருக்க வேண்டாமா?

குன்னூர் வழிக்கு ஏதாவது நேரும்போதெல்லாம் கோத்தகிரிச் சாலை அரசின் நினைவுக்கு வருகிறது. 1993 நவம்பரில் குன்னூர் மலைப்பாதையில் மரப்பாலம் அருகே மலைச்சரிவு சாலையையும் வண்டிகளையும் மனிதர்களையும் அடித்துக்கொண்டு போனது. நாள் கணக்கில் வண்டிகளெல்லாம் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடப்பட்டன. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டம் முழுவதும் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த முறை கோத்தகிரிச் சாலையும் தப்பவில்லை. பேரிடரில் மாற்றுவழியாக நிற்பது ஒரு சாலையின் கடமை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இப்போது ஒவ்வொரு கோடை சீசனிலும் இது நடக்கிறது. ஏறுகிறவர்கள் குன்னூர் வழி, இறங்குகிறவர்கள் கோத்தகிரி வழி என்று ஒருவழிப் போக்குவரத்து. மே மாதம் அரவேணுவில் பச்சைத் தேயிலை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சாலையைக் கடக்க நிற்கும் பெண்களைப் பார்த்தால் இதன் பாரம் எங்கே விழுகிறது என்று தெரியும். இறங்குகிற கார்களின் வரிசை அறுபடுவதே இல்லை.

சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் சீசன் காலத்தில் வார நாட்களில் 6,000, வார இறுதிகளில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைக்கப்பட்டது. வியாபாரிகள் எதிர்த்தார்கள், அவர்கள் கவலையிலும் நியாயம் உண்டு. இருந்தாலும், மலைக்கு ஒரு கொள்ளளவு உண்டு என்பதை ஒரு நீதிமன்றம் எண்ணாகச் சொல்லியிருக்கிறது. நான் அதை வரவேற்கிறேன். ஆனால், வண்டிகளை எண்ணிக் கட்டுப்படுத்திக்கொண்டே, மறுபக்கம் இன்னும் அதிக வண்டிகள் போவதற்காகச் சாலையை அகலப்படுத்தினால் அது ஒரு கையால் கட்டி மறு கையால் அவிழ்க்கிற வேலை.

அகலப்படுத்துவது என்றால் மலையில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சமவெளியில் சாலையை அகலப்படுத்த இருபுறமும் இடம் இருக்கிறது. கோபிப் பக்கம் நான்குவழியாக்கியபோது புளியமரங்கள் போயின. அதுவே நெஞ்சை அறுக்கும் இழப்பு, பழைய நிழல் நம் காலத்தில் திரும்பாது. மலையில் அப்படி இல்லை. மேட்டுப்பக்கம் மலையை வெட்ட வேண்டும், பள்ளத்துப்பக்கம் சுவர் எழுப்பி மண் நிரப்ப வேண்டும். வெட்டிய பக்கம் பிடிமானம் இழந்த மண் நிற்கும். நிரப்பிய பக்கம் புது மண் இறுகாமல் இருக்கும். இரண்டுக்கும் பகை தண்ணீர். மேலே தேயிலைச் சரிவிலிருந்து இறங்கும் மழைநீர் சாலையின் ஓரவாய்க்காலில் சேர்ந்து, சிறுபாலம் வழியாகச் சாலைக்கு அடியில் போய்ப் பள்ளத்தில் இறங்க வேண்டும். ஓரவாய்க்கால் அடைத்திருந்தால் தண்ணீர் சாலைமேல் ஏறும், பள்ளத்துப்பக்கச் சுவரின் பின்னால் போய் நிற்கும், சுவர் வயிறு தள்ளும். ஒரு ராத்திரி அது போய்விடும். மறுநாள் பத்திரிகையில் 'கனமழையால் சாலை துண்டிப்பு' என்று வரும். பழி மழைமேல் விழும்.

அப்பா இதை வேறு மாதிரி சொல்வார். "ரோட்டைப் பார்த்து ஓட்டாதே, ஓடையைப் பார்த்து ஓட்டு." ஐப்பசி மழை தொடங்கும் முன் எந்தச் சிறுபாலம் அடைத்திருக்கிறது என்று லாரிக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். போன ஐப்பசிக்கு முன் முள்ளூருக்கு மேலே ஒரு சிறுபாலத்தின் வாயருகே இறங்கிப் பார்த்தேன். தண்ணீர் பாட்டில்கள், சிப்ஸ் உறைகள், ஒரு செருப்பு, அவற்றின்மேல் படிந்த செம்மண். கை நுழையும் அளவு ஓட்டைதான் மிச்சம். அதன் நேர்மேலே, புதிதாக அகலப்படுத்திய சாலையில் வெள்ளைக்கோடு பளிச்சென்று இருந்தது.

இந்தச் சிறுபாலங்களைக் காலங்காலமாகச் சுத்தம் செய்தவர்கள் சாலைப் பணியாளர்கள். மண்வெட்டியும் கூடையுமாகத் தங்களுக்கு ஒதுக்கிய தூரத்தில் தினமும் நடந்து, புல் செதுக்கி, வாய்க்கால் தோண்டி, சரிந்த மண்ணை அள்ளியவர்கள். 2002இல் மாநிலம் முழுவதும் சுமார் 10,000 சாலைப் பணியாளர்கள் ஒரே உத்தரவில் வேலையிழந்தார்கள். 41 மாதங்கள் போராடி, 2006இல் மீண்டும் பணிக்கு வந்தார்கள். பலர் அதற்குள் வறுமையில் நொடித்துப் போனார்கள். அதன்பின் ஓய்வு பெறுகிறவர்களின் இடங்கள் முறையாக நிரப்பப்படவில்லை என்பது அவர்களின் சங்கங்கள் ஓயாமல் சொல்லிவரும் புகார். பராமரிப்பு மெல்ல மெல்ல ஒப்பந்தத்துக்குப் போகிறது. பொக்லைன் எந்திரம் சரிந்த மண்ணை அரை நாளில் அள்ளிவிடும். சரியும் முன் ஓரவாய்க்காலில் விரல் விட்டுப் பார்க்க அதற்குத் தெரியாது.

நெடுஞ்சாலைத் துறை எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். அண்மை ஆண்டுகளில் நீலகிரியின் சாலைகளில், கோத்தகிரிச் சாலை உட்பட, மண்ணாணி முறையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். சரிவில் துளையிட்டு இரும்புக் கம்பிகளை ஆழமாகச் செருகி, மேலே வலை விரித்து, விதையும் உரமும் கலந்த கூழைப் பீய்ச்சிப் புல் வளர்க்கிறார்கள். காங்கிரீட் சுவரை மட்டும் நம்புவதைவிட இது எவ்வளவோ மேல். பசுமை திரும்பிய சரிவுகளைப் பார்க்கும்போது மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆணி அடித்து நிறுத்த வேண்டிய சரிவுகளில் பல, நாமே வெட்டியதால் ஆணி கேட்பவை. வெட்டாமல் விட்டிருந்தால் செலவும் இல்லை, பயமும் இல்லை. எங்கே அகலம் உண்மையிலேயே தேவை, எங்கே இரண்டு பேருந்து ஒதுங்க இடம் இருந்தால் போதும் என்பதை ஒவ்வொரு வளைவாக நின்று முடிவு செய்ய வேண்டும். ஈரோடு முதல் ஊட்டி வரை ஒரே எண் என்பதற்காக ஒரே அகலம் இருக்க வேண்டியதில்லை.

கோத்தகிரி மக்களே சாலை அகலமாவதைத்தான் கேட்கிறார்கள் என்று என்னிடம் சிலர் சொன்னார்கள். உண்மை. கேட்கிறார்கள். பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஆம்புலன்ஸில் கோவைக்குக் கொண்டுபோகிற குடும்பத்துக்குச் சீரான சாலை வேண்டும். பறித்த தேயிலை வாடுமுன் தொழிற்சாலை சேர வேண்டிய சிறு விவசாயிக்குச் சாலை வேண்டும். அவர்கள் கேட்பது குழியில்லாத, மழையில் துண்டாகாத, இரவில் பயமின்றிப் போகக்கூடிய சாலை. அகலம் என்ற ஒரே சொல்லில் இத்தனை தேவைகளையும் அடக்கி, பதிலாக சீசன் கார்களுக்கு ஓடுதளம் போட்டுக் கொடுப்பது அவர்கள் கேட்டதைக் கொடுப்பதாகாது. மழைக்காலத்தில் பாதுகாப்பாக இறங்கிவர முடிந்தால் போதும் என்று சொல்கிற விவசாயிகளை நான் முள்ளூரிலும் அரவேணுவிலும் பார்த்திருக்கிறேன். அப்பாவும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

மெக்பர்சன் தடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறுமுகையிலிருந்து ஏறிய அந்த முதல் பாதை 2023இல் 200 ஆண்டைத் தொட்டது. அதன் துண்டுகள் எங்கெங்கே எஞ்சியிருக்கின்றன என்று வனத்துறையும் வருவாய்த் துறையும் தொல்லியல் துறையும் சேர்ந்து அடையாளம் காண வேண்டும். பயணிகளை அழைத்துவரச் சொல்லவில்லை. அது யானை நடமாடும் காடு, அமைதியாகவே இருக்கட்டும். வரைபடத்தில் ஒரு கோடாகவும், சிறுமுகையிலும் கன்னேரிமுக்கிலும் ஊருக்கொரு பலகையாகவும் அது இருந்தால் போதும். அந்தப் பலகையில் சல்லிவன், மெக்பர்சன் பெயர்களுக்கு முன்னால், அவர்களுக்கு வழிகாட்டிய இருளர், குறும்பர், படகர் என்ற பெயர்களையும் எழுத வேண்டும். டணாய்க்கன்கோட்டைக்கும் ஒரு பலகை பவானிசாகர் கரையில் வைக்கலாம். நீருக்குள் போன ஊர்களின் பெயர்களாவது கரையில் இருக்கட்டும்.

ஐப்பசிக்கு முன் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. மேட்டுப்பாளையம் முதல் கோத்தகிரி வரை 33 கிலோமீட்டர். அதிலுள்ள ஒவ்வொரு சிறுபாலத்துக்கும் எண் போட்டு, எந்தத் தேதியில் யார் சுத்தம் செய்தார்கள் என்று அதன்மேலேயே எழுதி வைக்க நெடுஞ்சாலைத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். பழைய எண் கற்கள் இருக்கும் இடங்களில் எண் போடக்கூட வேண்டாம், பெயிண்ட் அடித்தால் போதும். குஞ்சப்பனை, மாமரம், முள்ளூர், அரவேணு ஊர்களில் கிராம சபை கூட்டி, அடுத்து எந்த வளைவில் கை வைக்கப் போகிறார்கள் என்று வரைபடத்தை விரித்துக் காட்ட வேண்டும். எங்கே ஓடை இறங்குகிறது, எங்கே யானை கடக்கிறது என்று அந்த ஊர்க்காரர்கள் அதில் குறித்துக் கொடுப்பார்கள். அவர்களுக்கு அது தெரியும்.